வழிவழியாக வந்த பழைய தையல் மிஷின்: வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பெரியவர்கள் போனபின் அவர்கள் பொருள்களைப் பிரிக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரு கை முன்வரும். மூலையில் நிற்கும் தையல் மிஷினை மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. தூக்கிப்போட மனம் வராது, வைத்துக்கொள்ள இடம் இருக்காது, ஓடுமா ஓடாதா என்றும் தெரியாது. பழைய மிஷின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓடவைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள், ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மிஷினை வைத்துக்கொள்வதா என்று முதலில் முடிவு செய்தால்தானே அதில் நேரம் செலவழிக்க முடியும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் தூசி படிந்து, சக்கரம் இறுகி, நூல் சிக்கிக் கிடக்கும் மிஷினைப் பார்த்து எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகிவிடுகிறது. "இது இனி உதவாது" என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் பாசத்தில் வைத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்து அதே தூசியோடு அடுத்த தலைமுறையிடம் தள்ளிவிடுவார்கள். சுத்தம் செய்ய ஒரு துணி, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், சரியான அளவில் இரண்டு ஸ்குரூ டிரைவர், ஒரு சின்னப் பாட்டில் மிஷின் எண்ணெய் இருந்தால் போதும். இரண்டு நாள் ஓய்வு நேரத்தில் முடிகிற வேலை. இதைச் செய்து முடிக்கும்போது மிஷினின் நிலைமை தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, இதோடு மல்லுக்கட்ட உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

இது எந்தக் காலத்து மிஷின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிங்கர் மிஷினாக இருந்தால் சுலபம். அடித்தட்டின் வலது பக்கம், தூண் எழும்பும் இடத்தை ஒட்டி, ஒரு சிறு மேடையில் வரிசை எண் பொறித்திருக்கும். வெறும் எண் மட்டும் இருந்தால் அது 1900-க்கு முந்தையது. முன்னால் ஓர் ஆங்கில எழுத்தோ இரண்டு எழுத்தோ இருந்தால் 1900-லிருந்து பிந்தையது. எந்த ஆலையில் செய்தது என்பதையும் அந்த எழுத்தே காட்டிவிடும். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1885 முதல் 1980 வரை இயங்கிய பெரிய ஆலையிலிருந்து உலகம் முழுக்க மிஷின்கள் போயின. பழைய மிஷின் சேகரிப்பாளர்கள் தொகுத்து வைத்த எண் பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இருக்கும் தேதி, அந்த எண்களை ஆலைக்கு ஒதுக்கிய தேதி. மிஷின் விற்பனைக்கு வந்தது சில மாதம், சில சமயம் ஒரு வருடம்கூடத் தள்ளி இருக்கலாம்.

இரண்டு விஷயங்களில் பலரும் ஏமாறுகிறார்கள். ஒன்று, தகட்டில் வரிசையாகப் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதிகள். அவை மிஷின் செய்த தேதிகள் அல்ல. கடைசித் தேதிக்குப் பிறகுதான் அது செய்யப்பட்டது என்று மட்டும் சொல்லலாம். இன்னொன்று, 1851–1951 என்று எழுதிய நீல விளிம்புள்ள வில்லை. சிங்கர் நிறுவனம் 1851-ல் தொடங்கியது, அதன் நூற்றாண்டுக்காகப் பதித்த வில்லை அது. அதைப் பார்த்துவிட்டு "எங்கள் மிஷினுக்கு நூற்றெழுபது வயது" என்று மகிழ்ந்தவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கும்.

பெயரே கேள்விப்படாத மிஷினாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானிய ஆலைகள் சிங்கர் 15 என்ற மாதிரியை அப்படியே செய்து, நூற்றுக்கணக்கான பெயர்களில் உலகெங்கும் அனுப்பின. நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகு இடது கோடி முகத் தகட்டில் இருந்து, அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸும் இடது பக்கமிருந்து செங்குத்தாக உள்ளே போனால் உங்கள் மிஷின் அந்தக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு பாபின், ஊசி, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

இவ்வளவு பழையது, நல்ல விலை போகும் அல்லவா?

பெரும்பாலும் போகாது. அந்தக் காலத்தில் தையல் மிஷின் அபூர்வப் பொருளாக இருக்கவில்லை. ஒரே மாதிரியில் லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள், இரும்பில் செய்ததால் அழியாமலும் இருக்கின்றன. அதனால் தங்கப் பூவேலை போட்ட அழகான கறுப்பு மிஷின்கூட மலிவாகவே கைமாறுகிறது. விதிவிலக்குகள் உண்டு. 1933-ல் வந்த சிங்கர் 221, ஃபெதர்வெயிட் என்பார்கள், அலுமினியத்தில் செய்தது, எடை ஐந்து கிலோ அளவுதான். அதைத் தேடி வாங்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். மிக ஆரம்பக் கால மிஷின்களுக்கும், சிறிய நிறுவனங்கள் குறைவாகச் செய்தவற்றுக்கும் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. மற்றபடி விற்றுக் காசாக்கும் எண்ணத்தில் பழுதுபார்க்கச் செலவு செய்யாதீர்கள். அந்தக் காசு திரும்பாது.

சக்கரம் அசையவே இல்லை. மிஷின் போய்விட்டதா?

இல்லை. முழு இரும்பு மிஷின் இறுகிக் கிடந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் இரண்டுதான்: உலர்ந்து பிசினாகிப்போன பழைய எண்ணெய், அல்லது அடிநூலைச் சுமந்து ஓடும் ஷட்டிலின் வளையத்துக்குள் மாட்டிக்கொண்ட நூல். இரண்டுமே சரியாகக்கூடியவை.

ஊசியையும் பாதத்தையும் முதலில் கழற்றிவிடுங்கள். ஊசித் தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுத்துத் தகட்டைத் தூக்குங்கள். துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கில் பஞ்சு படிந்து, ஒரு கம்பளித் துண்டு போல் கெட்டியாக இருக்கும். வெளியில் பார்த்தால் பற்களுக்கு நடுவில் சாம்பல் நிறத் தகடு ஒன்று இருப்பதாகவே தோன்றும். ஊசி முனையால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தால் முழுசாக உரிந்து வரும். அப்புறம் பாபின் கேஸையோ ஷட்டிலையோ எடுத்துவிட்டு, அது ஓடும் வளையத்தைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை நூல் வளையத்துக்கும் மேல்நூலைப் பிடிக்கும் கொக்கிக்கும் நடுவில் சுற்றிக்கொண்டால்கூட மொத்த மிஷினும் நின்றுவிடும். கைச்சக்கரத்துக்குப் பின்னால் தண்டிலும் இப்படி நூல் சுற்றியிருக்கும். அங்கே யாரும் பார்ப்பதே இல்லை.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் பிசின்தான். இரும்பும் இரும்பும் உரசும் ஒவ்வோர் இடத்திலும், மேலே உள்ள எண்ணெய்த் துளைகளிலும், மிஷினைச் சாய்த்து அடிப்பக்க மூட்டுகளிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் தலைமுடி உலர்த்தும் கருவியால் மூட்டுகளுக்கு லேசாகச் சூடு காட்டி, சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். ஒரு நூலளவு அசைந்தால் போதும், வழி பிறந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி எண்ணெய், மறுபடி ஆட்டல். ஒரு வாரம்கூட ஆகலாம். ஆனால் குறடு போட்டுச் சக்கரத்தைத் திருகவே கூடாது. பிசின் விட்டுக்கொடுக்கும், வார்ப்பிரும்பு உடைந்துவிடும்.

ரொம்பப் பிடிவாதமான மூட்டுக்கு மண்ணெண்ணெய் ஒரு சொட்டு உதவும். நெருப்பு பக்கத்தில் இல்லாமல், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மண்ணெண்ணெய் பிசினோடு சேர்த்து இருக்கிற எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். அதனால் மிஷின் விடுபட்டதும் துடைத்துவிட்டு, எல்லா இடத்திலும் புதிதாக மிஷின் எண்ணெய் விட வேண்டும்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் இறங்கவில்லையே?

சக்கரத்தின் நடுவில் உள்ள திருகைப் பாருங்கள். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருக்க அதைத் தளர்த்துவார்கள். கடைசியாகத் தைத்தவர் தளர்த்திவிட்டு அப்படியே விட்டிருக்கலாம், இறுக்கினால் சரி. இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால், அந்தத் திருகுக்குப் பின்னால் காது காதாக இருக்கும் வளையத்தை யாரோ திசை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டுங்கள்.

வீட்டில் இருக்கிற எண்ணெயை விடலாமா?

கூடாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய் எதுவும் காலப்போக்கில் உலர்ந்து கோந்தாகிவிடும். நீங்கள் இப்போது சுரண்டிக்கொண்டிருக்கிற பிசினில் அதுவும் கலந்திருக்கலாம். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அது இறுக்கத்தைத் தளர்த்தும், ஆனால் ஓட்டத்துக்குத் தேவையான எண்ணெயின் வேலையைச் செய்யாது. தையல் மிஷினுக்கென்று விற்கிற, தண்ணீர் போலத் தெளிந்த எண்ணெய்தான் சரி. பெல்ட், பாபின் சுற்றும் ரப்பர் வளையம், டென்ஷன் தட்டுகள், மோட்டார், இந்த நான்கிலும் எண்ணெய் படக்கூடாது.

எந்த நிலையில் இருந்தால் "இதற்கு மேல் வேண்டாம்" என்று விடலாம்?

துருவைப் பார்த்துப் பயந்து விடாதீர்கள். வெளியில் தெரியும் துரு பெரும்பாலும் மேலோட்டமானது. பூவேலை இல்லாத பளபளப்பான உலோகப் பாகத்தில் மிக மெல்லிய எஃகுக் கம்பளியும் எண்ணெயும் சேர்த்துத் தேய்த்தால் போய்விடும். நான் பயப்படுவது விரிசலுக்கு. கீழே விழுந்த மிஷினில் அடித்தட்டிலோ, அதன் மேலே நீளும் கையிலோ வார்ப்பு விரிந்திருந்தால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. தண்டு வளைந்திருந்தாலும் அப்படித்தான்.

அடுத்தது ஊசி. இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் பழைய மிஷினின் ஆயுள் அதில்தான் தொங்குகிறது. இன்றைய வீட்டு மிஷின்களுக்கான சாதாரண ஊசிதான் சிங்கர் 15, 66, 99, 201, 27 போன்ற மாதிரிகளுக்கும். அதனால் அவை இன்னும் பல காலம் ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷின்கள் சிலவற்றுக்கு வேறு நீளம், வேறு தடிமன், சிலவற்றுக்கு வளைந்த ஊசிகூட வேண்டும். அந்த ஊசிகளில் பலவற்றை இப்போது செய்வதில்லை, பழைய இருப்பைத் தேடி அலைய வேண்டும். அப்படிப்பட்ட மிஷினைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், தைப்பதற்கென்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஷட்டில் தொலைந்திருந்தால்? சிங்கர் 27 போல் அதிகம் விற்ற மிஷினின் படகு வடிவ ஷட்டிலைத் தேடினால் கிடைத்துவிடும். பெயர் தெரியாத சிறு நிறுவனத்து மிஷினில் ஷட்டில் இல்லை என்றால் அதோடு கதை முடிந்தது. மேசை இழுப்பறை, தையல் பெட்டி, பொத்தான் டப்பா எல்லாவற்றையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் இருக்கும்.

எங்களுடையது 1970-களில் வாங்கியது. அதுவும் பழைய இரும்பு மிஷின்தானே? கெட்டியாக இருக்காதா?

எடையை வைத்து நம்பாதீர்கள். 1960-களிலிருந்து பல நிறுவனங்கள் உள்ளே பல்சக்கரங்களைப் பிளாஸ்டிக்கில் செய்யத் தொடங்கின. சத்தம் குறையும், செலவும் குறையும் என்பதால். அந்தப் பிளாஸ்டிக் முதுமையில் வெடித்து உதிர்கிறது, பெட்டியிலிருந்து எடுக்காமலே வைத்திருந்தாலும் உதிர்கிறது. ஆகவே இந்த வயது மிஷின்களில் முதலில் மேல்மூடியையும் அடிமூடியையும் திறந்து பற்சக்கரங்களைப் பாருங்கள். விரிசலோ, பல் உதிர்ந்த இடமோ தெரிந்தால் அதே மாதிரிக்கு மாற்றுச் சக்கரம் கிடைக்கிறதா என்று தேடிவிட்டுப் பிறகு வேலையில் இறங்குங்கள். சில மாதிரிகளுக்குப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மாட்டும்போது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரத்தைத் துல்லியமாக வைக்க வேண்டும், அது பழகிய கைக்கு உரிய வேலை. நேராகச் சொல்கிறேன்: 1920-ல் செய்த மிஷினைக் காப்பாற்றுவது 1972-ல் செய்ததைக் காப்பாற்றுவதைவிடப் பல சமயம் சுலபம்.

மோட்டார் இருக்கிறது. பிளக்கைச் செருகி ஓடுகிறதா என்று பார்க்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பழைய ஒயரின் ரப்பர் உறை உலர்ந்து விரல் பட்டாலே பொடியாக உதிரும், உள்ளே செம்பு வெறுமனே நிற்கும். மிஷினோ முழுக்க இரும்பு, கையோ அதன் மேல். முதலில் மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 110 வோல்ட் மோட்டாரை 230 வோல்ட்டில் செருகினால் அந்த நிமிடமே எரிந்துவிடும். ஒயரை வளைத்துப் பார்த்து, விறைப்பாகவோ வெடித்தோ இருந்தால் மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்து முழுக்க மாற்றச் சொல்லுங்கள். கால் பெடலையும் அவரே திறந்து பார்க்கட்டும். மிதிக்காமலே மோட்டார் ஓடினாலோ, பெடல் சூடாகினாலோ அதை உபயோகிக்கவே கூடாது.

மோட்டாருக்குச் செலவு செய்ய விருப்பமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. வெளியில் பூட்டிய மோட்டாராக இருந்தால் கழற்றிவிட்டு, கைப்பிடி மாட்டியோ மிதியோடு இணைத்தோ ஓட்டலாம். சக்கரத்தின் வடிவம் ஒத்துவர வேண்டும், அதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிறது, ஆனால் தையல் விட்டுவிட்டு விழுகிறது. அடியில் நூல் கூடுகட்டுகிறது. பெரிய பழுதா?

பெரும்பாலும் பழுதே இல்லை. புது ஊசி போடுங்கள். பலர் மிஷினோடு வந்த பழைய ஊசியிலேயே தைத்துப் பார்த்துவிட்டு மிஷினைக் குறை சொல்கிறார்கள். ஊசி மாட்டும் திசை மாதிரிக்கு மாதிரி மாறும். தட்டையான பக்கம் சிலவற்றில் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம், சிலவற்றில் பின்பக்கம். ஊசியில் நீளமாகப் பள்ளம் ஓடும் பக்கமிருந்துதான் நூல் கோக்க வேண்டும், தட்டைப் பக்கம் கொக்கியை நோக்கி இருக்க வேண்டும். இதை மனதில் வைத்தால் கையேடு இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம், பாதத்தைத் தூக்கிவைத்து மேல்நூலை முழுக்கப் புதிதாகக் கோத்துக்கொள்ளுங்கள். பாதம் கீழே இருந்தால் பல மிஷின்களில் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராது. அடியில் கூடுகட்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம் போட்டு இரட்டை மடிப்புப் பருத்தித் துணியில் தையுங்கள். பாபின் நூலின் நிறம் மேலே எட்டிப்பார்த்தால் மேல் டென்ஷன் அதிகம். பாபின் நூல் அடியில் நேர்க்கோடாகக் கிடந்தால் மேல் டென்ஷன் போதாது. பாபின் கேஸில் உள்ள குட்டித் திருகை எடுத்த எடுப்பில் தொடாதீர்கள். மேலே சரிசெய்து முடியாதபோது மட்டும், கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள்.

கால் மிதி மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலான மிஷின்களில் மேற்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். புதிதாக மிதிப்பவர்களுக்கு அது அடிக்கடி பின்னோக்கி ஓடிவிடும். கையால் சக்கரத்தை உங்கள் பக்கம் ஒரு தள்ளு தள்ளி, அந்த ஓட்டத்திலேயே மிதியுங்கள். தோல் பெல்ட் வழுக்கினால் ஓர் அங்குலம் வெட்டிக் கம்பி மாட்டி இறுக்கிக்கொள்ளலாம், புதுப் பெல்ட்டும் சுலபமாகக் கிடைக்கும்.

சரிசெய்துவிட்டால் இன்றைய மிஷினுக்கு ஈடாகுமா?

நேர்த்தையலில் ஈடு மட்டுமில்லை, பல சமயம் மிஞ்சும். ஜீன்ஸ் ஓரம், பை, திரைச்சீலை, மெத்தை உறை, ஒட்டுத் துணி வேலை எல்லாவற்றுக்கும் இந்த மிஷின்கள் அருமை. தையல் கோடு போட்டாற்போல் நேராக விழும். ஆனால் நேர்த்தையல் மட்டும்தான். ஜிக்ஜாக் கிடையாது. இழுத்தால் நீளும் பனியன் துணிக்கு இது சரிப்படாது, தையல் அறுந்துவிடும். பல மிஷின்களில் பின்னோக்கித் தைக்கும் வசதியும் இல்லை, துணியைத் திருப்பிப் போட்டுத்தான் முடிச்சுத் தையல் போட வேண்டும். பொத்தான் துளைக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. தனியாக மாட்டும் பழைய பொத்தான்துளைக் கருவி துணியையே இடம் வலமாக அசைத்துத் தைக்கும். அதில் விழும் துளைகளின் ஒழுங்கை இன்றைய விலையுயர்ந்த மிஷின்கள் பலவற்றில் நான் பார்த்ததில்லை.

நீங்கள் பெரும்பாலும் பனியன் போன்ற பின்னல் துணிதான் தைப்பீர்கள் என்றால் இது உங்கள் இரண்டாவது மிஷினாக இருக்கலாம், ஒரே மிஷினாக இருக்க முடியாது.

பெயின்ட் அடித்து, பூவேலை ஸ்டிக்கர் புதிதாக ஒட்டி, பளிச்சென்று ஆக்கிவிடலாமா?

இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: தேவையில்லாமல் செய்யாதீர்கள். மிஷினின் அடித்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முன்விளிம்பில், தைப்பவர் மடியிலிருந்து துணி ஏறி வரும் இடத்தில், தங்கப் பூவேலை தேய்ந்து கறுப்பு மட்டும் தெரியும். பின்பக்கம் அதே பூவேலை புதிது போல் மின்னும். வருடக் கணக்காகத் துணியும் குண்டூசிகளும் கையும் உரசி உரசித் தேய்ந்த இடம் அது. உங்கள் பாட்டியோ அம்மாவோ இந்த மிஷினில் உழைத்ததற்கு அதைவிட வேறு அத்தாட்சி கிடையாது. சுரண்டி பெயின்ட் அடித்துவிட்டால் கடையில் வாங்கிய யாரோ ஒருவருடைய மிஷின் போல் ஆகிவிடும். சேகரிப்பாளர்களும் தேய்ந்த அசல் பூச்சைத்தான் விரும்புகிறார்கள், அதனால் மதிப்பும் குறையும்.

பெயின்ட் பாளம் பாளமாக உதிர்ந்து இரும்பே தெரிகிறது, துரு பரவுகிறது என்றால் அது வேறு விஷயம். அப்போது பாதுகாப்புக்காகப் பூசுவதில் தப்பில்லை. அதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

பூவேலையை எதைக் கொண்டு துடைப்பது?

மிஷின் எண்ணெய் நனைத்த மென்மையான துணியால். அவ்வளவுதான். பூவேலைக்கு மேல் பூசியிருக்கும் மெல்லிய வார்னிஷ் பல மிஷின்களில் ஷெல்லாக், அதாவது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரைந்து வெள்ளைத் திட்டாகும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவம் தங்க நிறத்தை வெளுத்து வெள்ளி போல் ஆக்கிவிடும். ஒரே துடைப்பில் இது நடந்துவிடும், திரும்பக் கொண்டுவர முடியாது. எதையும் முதலில் பின்பக்கத்தில் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள்.

வார்ப்பிரும்பு ஸ்டாண்ட் அழகாக இருக்கிறது. மிஷின் தலையை எடுத்துவிட்டு மேசை ஆக்கலாமா?

தலை உடைந்துபோனது என்றால் தாராளமாக. ஓடக்கூடிய தலையை வீசிவிட்டு ஸ்டாண்டை மட்டும் வைத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. மேசையாக வேண்டும் என்றால் தலையை உள்ளே மடக்கிவைக்கும் வகையில் செய்திருக்கும் பழைய பெட்டி மேசைகளே அதற்காகத்தான் இருக்கின்றன. மூடினால் மேசை, திறந்தால் மிஷின்.

மரப்பகுதியில் குண்டூசித் துளைகள் போல் இருந்து, கீழே புது மாவு கொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. வீட்டுக்குள் மற்ற மரச்சாமான்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் முன் அதற்கு மருந்து அடியுங்கள்.

எனக்குத் தைக்கவே தெரியாது. வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா?

கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் அர்த்தம் இருக்கிறது. கால் மிதியும் கை மிஷினும் உங்கள் வேகத்துக்கு ஓடும், மோட்டார் மாதிரி பறக்காது. அதனால் ஆரம்பிப்பவர்களுக்கு அவை நல்லது. ஆசையே இல்லை என்றால் உங்களை நீங்களே கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஆளில்லாமல் கிடக்கும் மிஷின் மறுபடி இறுகத்தான் செய்யும்.

வெறும் நினைவாக வைத்துக்கொள்வதும் நல்ல காரணம்தான். இடம் இருக்கிறது, பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது என்றால் வேறு விளக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, ஈரம் இல்லாத இடத்தில், வெயில் நேராக விழாமல் வையுங்கள். மாதம் ஒரு முறை சக்கரத்தை நாலு சுற்று சுற்றிவிடுங்கள். இது பாதுகாப்பது, புதுப்பிப்பது அல்ல. நிறையப் பேருக்கு இதுவே போதுமானது.

மிஷினைக் கொடுத்துவிட்டால் பாட்டிக்குத் துரோகம் செய்வது போல் இருக்கிறது.

இந்த வார்த்தையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் இந்த மிஷினை எதற்கு வாங்கினார் என்று யோசியுங்கள். தைப்பதற்கு. தைக்கிற ஒருவர் கையில் அது ஓடினால் அதில் துரோகம் எங்கே இருக்கிறது? மனசு ஆறவில்லை என்றால் அந்த மிஷினிலேயே ஏதாவது ஒன்றைத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். தலையணை உறை போதும், பாட்டியின் பழைய சேலைத் துணியிலேயே தைக்கலாம். தைக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

அக்காவும் கேட்கிறார், தம்பியும் கேட்கிறான். யாருக்குக் கொடுப்பது?

தைப்பவருக்கு. இருவருமே தைக்கவில்லை என்றால் ஈரமில்லாத இடம் யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்கு. மற்றவருக்கு மிஷினோடு வந்த தையல் பெட்டியிலிருந்து ஒரு பொருள் போகலாம். பொத்தான் டப்பாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் மிஷின் அளவுக்கே நினைவுகள் உண்டு.

இழுப்பறையில் குப்பை போல் என்னென்னவோ கிடக்கிறது. கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள். வளைந்து நெளிந்த தகடுகளாகக் கிடப்பவை ஓரம் மடித்துத் தைக்க, கொசுவம் வைக்க, நாடா பிடித்துத் தைக்க உதவும் துணைக் கருவிகளாக இருக்கும். அந்த மிஷினின் பாதி பலம் அவற்றில் இருக்கிறது. பழைய ஊசிப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மிஷினுக்கு எந்த ஊசி என்பதை அதுவே சொல்லிவிடும். வாங்கிய ரசீது கிடைத்தால் தேதி பற்றிய சந்தேகமும் தீர்ந்தது. ஒற்றைத் திருகைக்கூட வீசாதீர்கள். சிங்கர் தனக்கென்று தனி மரை அளவு வைத்திருந்தது, சாதாரணத் திருகு பொருந்தாது.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முன்னும் பின்னும் படம் எடுங்கள், வரிசை எண்ணையும் சேர்த்து. "பெயின்ட் தொட வேண்டாம், கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றும் பாகம் ஒவ்வொன்றையும் உங்களைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். பார்த்த உடனே "மோட்டார் போட்டுவிடலாம்" என்பவரைவிட, முதலில் சக்கரத்தைச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்பவரை நம்புங்கள்.

கொடுப்பதென்று முடிவாகிவிட்டது. எப்படிக் கொடுப்பது?

ஓடும் நிலையில் கொடுங்கள். தையல் கற்றுக்கொடுக்கும் இடங்கள், மிஷின்களைச் சரிசெய்து தேவையானவர்களுக்குக் கொடுக்கும் தொண்டு அமைப்புகள், நாடகக் குழுக்களின் உடைப்பிரிவு என்று விசாரித்தால் ஆள் கிடைக்கும். பாபின், ஷட்டில், துணைக் கருவி, பெட்டிச் சாவி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மிஷினோடு கட்டிவிடுங்கள். தைத்துப் பார்த்த துணித் துண்டைப் பாதத்துக்கு அடியில் விட்டுக் கொடுத்தால், வாங்குபவருக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. மோட்டார் ஒயரைச் சோதிக்கவில்லை என்றால் பிளக்கின் மேல் அதை எழுதி ஒட்டுங்கள்.

தூக்கும்போது ஒரு எச்சரிக்கை. இரும்புத் தலை பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். மேசையோடு அதைப் பிடித்திருப்பது பின்னால் இரண்டு கீல் முனைகள்தான். பின்பக்கத் துளைகளில் உள்ள இரண்டு சிறு திருகுகளைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி, தலையைத் தனியாகத் தூக்கி எடுங்கள். ஒரு கை மிஷினின் கைக்கு அடியில், இன்னொரு கை அடித்தட்டுக்குக் கீழே. சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினால் தண்டு வளையும். வண்டியில் தலையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, அடியில் மெத்தென்று ஏதாவது விரித்து, ஸ்டாண்டைத் தனியாக ஏற்றுங்கள்.